வெள்ளைக் குடையைத் துரத்திய விமானி

பறக்கும் தட்டுகளால் மனிதனுக்கு ஆபத்து உண்டா?

'முதலில் பறக்கும் தட்டு என்று ஒன்று உண்டா, அதைச் சொல்லுங்கள்' என்று நீங்கள் மடக்கலாம். அந்த விவாதத்துக்குள் நுழைந்தால் இந்த ஜென்மத்தில் வெளியே வர முடியாது! ஆனால், ஒன்று நிச்சயம். பறக்கும் தட்டு என்று உலகம் சொன்ன ஒன்றைத் துரத்திக்கொண்டு போய் உயிரை விட்ட மனிதர் ஒருவர் உண்டு. அவர் பிறந்த ஊர், விழுந்த இடம், அவருடைய கைக்கடிகாரம் நின்றுபோன நேரம் வரை எல்லாமே பதிவாகியிருக்கிறது.

கேப்டன் தாமஸ் மேன்டெல். வயது 25.

1948-ம் ஆண்டு, ஜனவரி 7. அமெரிக்காவின் கென்டகி மாநிலம். மதியம் ஒரு மணி தாண்டியிருக்கும். ஹைவே போலீஸுக்கு போன் மேல் போன். 'வானத்தில் வட்டமாக, பெரிதாக ஏதோ மிதக்கிறது. என்னவென்று தெரியவில்லை' என்று வெவ்வேறு ஊர்களிலிருந்து ஒரே புகார். போலீஸ் என்ன செய்யும்? வானத்தில் போகிற வாகனத்துக்கு டிக்கெட் கொடுக்க முடியுமா! தகவலை அப்படியே ஃபோர்ட் நாக்ஸில் இருந்த காட்மன் விமானத் தளத்துக்குத் தள்ளிவிட்டது. (ஃபோர்ட் நாக்ஸ் என்றால்... அமெரிக்க அரசு தன் தங்கக் கட்டிகளைப் பூட்டி வைத்திருக்கிறதே, அதே இடம்தான்!)

1.45 மணிக்கு காட்மன் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருந்தவர்களின் கண்ணிலேயே அது பட்டுவிட்டது. ஒருவர் மாற்றி ஒருவர் வந்து பார்த்தார்கள். தளத்தின் தலைவரான கர்னல் ஹிக்ஸ் பைனாகுலரோடு ஓடிவந்தார். வெள்ளை வெளேரென்று, விரித்த குடை மாதிரி ஒரு வஸ்து. ஓடவில்லை, ஆடவில்லை. சும்மா நின்றுகொண்டிருந்தது. ஏறக்குறைய ஒரு மணி நேரம் அத்தனை அதிகாரிகளும் அண்ணாந்து பார்த்தபடி நின்றார்கள். 'இது இன்னது' என்று சொல்ல ஒருவருக்கும் தெரியவில்லை.

இங்கே ஒரு சின்ன 'ஃப்ளாஷ்பேக்' தேவை. அதற்கு ஆறு மாதம் முன்புதான், 1947 ஜூன் 24-ம் தேதி, கென்னத் அர்னால்ட் என்கிற விமானி வாஷிங்டன் மாநிலத்தில் ரெய்னியர் மலைக்குப் பக்கத்தில் ஒன்பது விசித்திரப் பொருட்கள் படுவேகமாகப் பறந்ததைப் பார்த்ததாகச் சொன்னார். தண்ணீர் மேல் தட்டை எறிந்தால் தத்தித் தத்திப் போகுமே, அப்படிப் போயின என்று அவர் வர்ணிக்க, பத்திரிகைக்காரர்கள் அதைக் 'பறக்கும் தட்டு' ஆக்கிவிட்டார்கள்! இரண்டு வாரம்கூட ஆகவில்லை, ரோஸ்வெல் என்கிற ஊரில் இருந்த ராணுவ விமானத் தளமே 'பறக்கும் தட்டு ஒன்று எங்கள் கையில் சிக்கியிருக்கிறது' என்று அறிவித்துவிட்டு, மறுநாளே 'ஸாரி, அது வானிலை பலூன்' என்று பல்டி அடித்தது. ஆக, அந்தக் குளிர்காலத்தில் எந்த அமெரிக்கனும் வானத்தைச் சாதாரணமாகப் பார்க்கும் மனநிலையில் இல்லை.

சரி, காட்மனுக்குத் திரும்புவோம்.

மேன்டெலின் தலைமையில் நான்கு 'மஸ்டாங்' போர் விமானங்கள் தற்செயலாக அந்தப் பக்கம் வந்தன. ஜார்ஜியா மாநிலத்தின் மரியெட்டாவிலிருந்து லூயிவில் நகருக்கு விமானங்களைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் சாதாரண வேலை. மேலே ரொம்ப உயரம் போகவேண்டிய அவசியமே கிடையாது. அதனால் ஆக்ஸிஜன் ஏற்பாட்டைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. 'அது என்னவென்று கொஞ்சம் பார்த்துவிட்டு வர முடியுமா?' என்று கோபுரத்திலிருந்து கேட்டார்கள். ஒரு விமானத்தில் பெட்ரோல் குறைவு. அது தன் வழியில் போயிற்று. மற்ற மூன்றும் மேலே ஏறின.

மேன்டெல் ஒன்றும் கற்றுக்குட்டி அல்ல. இரண்டாம் உலகப்போரில் நார்மண்டிப் படையெடுப்பில் பறந்தவர். வீரத்துக்கான பதக்கம் வாங்கியவர். மனைவி, இரண்டு சின்னப் பையன்கள். போர் முடிந்து, ஊர் திரும்பி, மாநிலத்தின் 'ஏர் நேஷனல் கார்டு' படையில் சேர்ந்து நிம்மதியாகப் பறந்துகொண்டிருந்தவர். அப்படிப்பட்டவர் ரேடியோவில், 'எனக்கு மேலே, முன்னால் தெரிகிறது. இன்னும் ஏறுகிறேன்' என்கிறார். அது உலோகம் போல, பிரமாண்டமாக இருக்கிறது என்று அவர் சொன்னதாகவும் ஒரு தகவல் உண்டு. ஆனால், அன்றைக்குக் கோபுரத்தில் காது கொடுத்துக் கேட்டவர்களுக்குள்ளேயே அவர் சரியாக என்ன சொன்னார் என்பதில் பிறகு ஒத்துப்போகவில்லை. எட்டு பேர் கேட்டால் எட்டு விதம்! சாட்சிகள் விஷயத்தில் இது எப்போதும் நடப்பதுதான்.

கூடப் போன இருவரில் ஒருவரிடம் மட்டும்தான் ஆக்ஸிஜன் முகமூடி. அதிலும் இருப்பு கம்மி. 22,500 அடியில் இருவரும் 'போதும்' என்று திரும்பிவிட்டார்கள். மேன்டெல் திரும்பவில்லை.

அந்த உயரத்தில் மனித உடம்புக்கு என்ன ஆகிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். மூச்சுத் திணறும், தொண்டையைப் பிடிக்கும், தவிப்போம் என்றுதான் நாம் நினைப்போம். அப்படி ஆனால் பரவாயில்லையே, உஷாராகி இறங்கிவிடலாம்! நடப்பது நேர் எதிர். ஆக்ஸிஜன் குறையக் குறைய மூளைக்கு ஒருவித போதை ஏறும். எல்லாமே பிரமாதமாகப் போய்க்கொண்டிருப்பது போன்ற தெம்பு வரும். 'என்னால் முடியும், இன்னும் கொஞ்சம்தான்' என்று தோன்றும். கணக்கு தப்பும், கை சொன்னதைக் கேட்காது, அதுவும் தெரியாது. 25,000 அடி உயரத்தில் ஆக்ஸிஜன் இல்லாமல் ஒரு விமானி உருப்படியாக யோசிக்கக் கிடைக்கும் அவகாசம் மூன்றிலிருந்து ஐந்து நிமிடம். அவ்வளவுதான். குடித்துவிட்டு வண்டி ஓட்டுபவன், 'நான் ஸ்டெடியாத்தான் இருக்கேன்' என்பான் இல்லையா? அதே கதை, ஐந்து மைல் உயரத்தில்!

மேன்டெல் 25,000 அடியைத் தாண்டியிருக்க வேண்டும். அங்கே நினைவு தப்பியிருக்க வேண்டும். ஓட்டுபவர் மயங்கிய பிறகும் மஸ்டாங் கொஞ்ச தூரம் ஏறியிருக்கிறது. பிறகு தலைகுப்புறச் சுழன்று இறங்கி, பாதி வழியில் காற்றின் வேகம் தாங்காமல் பிய்ந்து, ஃபிராங்க்ளின் என்கிற சிற்றூருக்குப் பக்கத்தில் ஒரு பண்ணையில் விழுந்தது. கைக்கடிகாரம் 3.18 மணியில் நின்றிருந்தது. அந்த ஃபிராங்க்ளின்தான் மேன்டெல் பிறந்த ஊர்.

கூடப் போன விமானிகளில் ஒருவர் லூயிவில் போய் இறங்கி, பெட்ரோலும் ஆக்ஸிஜனும் நிரப்பிக்கொண்டு மறுபடி கிளம்பிவந்து, 30,000 அடிக்கும் மேலே ஏறித் தேடினார். வானம் காலியாக இருந்தது.

அப்புறம் கேட்க வேண்டுமா? வதந்திகள் இறக்கை கட்டிப் பறந்தன. பறக்கும் தட்டு ஏதோ கதிரை வீசி அவரைச் சுட்டுத் தள்ளிவிட்டது... உடம்பு முழுக்கச் சல்லடையாகத் துளைகள்... உடம்பே கிடைக்கவில்லை, தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்... ஆளாளுக்கு ஒன்று. அதுவரை பறக்கும் தட்டு என்பது பத்திரிகைகளுக்கு ஒரு வேடிக்கை. மேன்டெல் இறந்த அன்றிலிருந்து அது 'ஆபத்து' ஆகிவிட்டது.

விமானப்படை முதலில் சொன்ன விளக்கம், 'அவர் துரத்தியது வெள்ளி கிரகம்!' கணக்குப்படி வெள்ளி அந்த நேரத்தில் ஏறக்குறைய அந்தத் திசையில் இருந்தது உண்மைதான். ஆனால் பட்டப்பகலில், ஒரு ஊசிமுனைப் புள்ளியாக, உற்றுத் தேடினால் ஒருவேளை தெரியலாம் என்கிற லட்சணத்தில்தான் இருந்திருக்கும். பல ஊர் ஜனங்கள் போலீஸுக்கு போன் போடும் அளவுக்கா? யாரும் நம்பவில்லை. நம்பாததில் தப்பும் இல்லை.

சில வருடங்கள் கழித்து, பறக்கும் தட்டுப் புகார்களை விசாரிக்க விமானப்படை நடத்திய 'புராஜெக்ட் ப்ளூ புக்' என்ற பிரிவுக்குத் தலைவராக வந்த எட்வர்ட் ரப்பெல்ட் பழைய ஃபைலைத் தூசி தட்டி எடுத்தார். அப்போதுதான் இன்னொரு பதில் தலைகாட்டியது. ஸ்கைஹுக்!

'ஸ்கைஹுக்' என்பது அமெரிக்கக் கடற்படையின் ரகசிய பலூன் திட்டம். மெல்லிய பாலிதீனால் ஆன ராட்சத பலூன்கள். உயரத்தில் போய் முழுசாக ஊதிக்கொண்டால் குறுக்களவு 100 அடி. 60,000 அடிக்கும் மேலே மிதக்கும். சூரிய வெளிச்சம் பட்டால் வெள்ளியில் வார்த்தது போல மின்னும். கீழிருந்து பார்த்தால்... ஆமாம், குடைதான்! மேன்டெல் சாவதற்கு மூன்றரை மாதம் முன்பு, 1947 செப்டம்பரில்தான் முதல் ஸ்கைஹுக் பறந்தது. செய்து கொடுத்த கம்பெனி எது தெரியுமா? 'ஜெனரல் மில்ஸ்'. அமெரிக்கர்கள் காலையில் பாலில் போட்டுச் சாப்பிடும் தானியச் சமாச்சாரங்கள் விற்கிற அதே நிறுவனம்!

அன்றைக்கு வானத்தில் நின்றது ஸ்கைஹுக்தான் என்று நூறு சதவிகிதம் நிரூபிக்கும் காகிதம் கிடைக்கவில்லை. ஆனால் உருவம், நிறம், உயரம், நகர்ந்த விதம் எல்லாமே கச்சிதமாகப் பொருந்துகின்றன. இன்றுவரை அதைவிட நல்ல விளக்கத்தை யாரும் சொல்லவும் இல்லை.

என்னை ரொம்ப உறுத்துகிற இடம் இதுதான். ஸ்கைஹுக் ரகசியம் என்பதால் காட்மன் கோபுரத்தில் இருந்த யாருக்கும் அதைப் பற்றித் தெரியாது. மேன்டெலுக்கும் தெரியாது. 'அது நம்முடையதுதான், விட்டுத் தள்ளு' என்று ஒரு வார்த்தை சொல்ல அங்கே ஆள் இல்லை. மஸ்டாங்கின் உச்சவரம்பே 40,000 அடி சொச்சம். அதாவது, எவ்வளவு ஆக்ஸிஜன் இருந்திருந்தாலும் மேன்டெல் அந்த பலூனைத் தொட்டிருக்கவே முடியாது. தன் நாட்டுக் கடற்படை விட்ட பலூனை, தன் நாட்டு விமானப்படை சொல்லித் துரத்திப் போய், தான் பிறந்த ஊரிலேயே விழுந்து செத்தார்.

(நம் ஊர் வழக்கத்தையும் இங்கே சொல்லிவிடுகிறேன். ஹைதராபாத்தில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் பலூன் நிலையம் ஒன்று பல்லாண்டுகளாக இயங்கிவருகிறது. ராட்சத பலூன்களில் விஞ்ஞானக் கருவிகளைக் கட்டி ஆகாயத்துக்கு அனுப்புவார்கள். முன்கூட்டியே பேப்பரில் அறிவிப்பு வரும். 'இன்னின்ன மாவட்டங்களில் வந்து விழலாம், பெட்டியைப் பிரிக்காதீர்கள், தகவல் சொல்லுங்கள்' என்று. ரொம்ப சிம்பிளான விஷயம்!)

ரோஸ்வெல்? அதுவும் பலூன்தான். ஆனால் அந்த 'வானிலை பலூன்' கதை பாதிப் பொய். சோவியத் யூனியன் அணுகுண்டு வெடித்தால் அதன் ஓசையை ஆகாயத்தில் ஒட்டுக் கேட்பதற்காக விடப்பட்ட 'மோகல்' என்ற ரகசிய பலூன் தொடர் அது என்று 1994-ல்தான் விமானப்படை ஒப்புக்கொண்டது. இதற்கிடையே 47 வருடம் போய்விட்டது. வேற்றுக்கிரகவாசிகளின் சடலம், அறுவை சிகிச்சை, ஐஸ்பெட்டி என்று கதை எங்கேயோ போய்விட்டது.

மேன்டெல் ஒற்றை ஆள். ஒரு நகரமே இப்படித் தலையைத் தூக்கிப் பார்த்து மிரண்டால்?

அதுவும் நடந்திருக்கிறது. அதுவும் மேன்டெலுக்கு ஆறு வருடம் முன்பே. 1942 பிப்ரவரி 25 அதிகாலை, லாஸ் ஏஞ்சல்ஸ். பேர்ல் ஹார்பரை ஜப்பான் தாக்கி மூன்று மாதம்கூட ஆகவில்லை. இரண்டு நாள் முன்புதான் ஒரு ஜப்பானிய நீர்மூழ்கி கலிஃபோர்னியக் கரையில் ஒரு எண்ணெய்க் கிடங்கின் மேல் குண்டு வீசிவிட்டுப் போயிருந்தது. ஊரே நடுங்கிக்கொண்டிருந்த அந்த இரவில் யாரோ வானத்தில் எதையோ பார்க்க, விளக்குகள் அணைந்தன, சங்கு ஊதியது, பீரங்கிகள் முழங்கின. ஒரு மணி நேரத்தில் 1,400-க்கும் மேற்பட்ட குண்டுகள்! விடிந்து பார்த்தால் ஒரு விமானமும் விழவில்லை. விழுந்ததெல்லாம் தாங்கள் சுட்ட குண்டுகளின் சில்லுகள்தான். ஆனால் ஐந்து பேர் செத்திருந்தார்கள். மூன்று பேர் இருட்டில் நடந்த கார் விபத்துகளில், இரண்டு பேர் மாரடைப்பில். முதலில் ஒரு வானிலை பலூனைப் பார்த்துச் சுட ஆரம்பித்தார்கள், அப்புறம் தாங்கள் சுட்ட குண்டுகளின் புகையையே விமானம் என்று நினைத்துச் சுட்டார்கள் என்பது பின்னாளில் விமானப்படை வரலாற்றாளர்கள் வந்தடைந்த முடிவு. மறுபடியும் பலூன்!

தென் அமெரிக்காவில் ஈக்வடார் நாட்டின் தலைநகர் கீட்டோவில் நடந்ததை நினைத்தால் இன்னும் பகீரென்கிறது. ஹெச்.ஜி.வெல்ஸ் 1898-ல் எழுதிய செவ்வாய்க்கிரகப் படையெடுப்பு நாவலை வைத்து, 1938-ல் ஆர்சன் வெல்ஸ் அமெரிக்காவில் ரேடியோ நாடகம் போட்டுப் பீதி கிளப்பிய கதை பலருக்குத் தெரிந்திருக்கும். உண்மையில் அந்தப் பீதியைப் பத்திரிகைகள் ஊதிப் பெரிதாக்கிவிட்டன என்பதுதான் இன்றைய ஆய்வாளர்களின் கருத்து. கீட்டோவில் ஊதிப் பெரிதாக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

1949 பிப்ரவரி 12, சனிக்கிழமை இரவு. 'ரேடியோ கீட்டோ'வில் பாட்டு நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று நிறுத்தி, அவசரச் செய்தி! எதிரிகள் வந்து இறங்கிவிட்டார்கள், லடகூங்கா நகரம் அழிந்தது, தலைநகரின் எல்லையில் கோட்டகொயாவ் வரை வந்தாயிற்று... பிறகு ஒரு மந்திரி பேசுகிறார், மேயர் பேசுகிறார், 'பெண்களும் குழந்தைகளும் மலைக்கு ஓடுங்கள்' என்கிறார்கள். எல்லாம் மிமிக்ரி! நிகழ்ச்சியைத் தயாரித்தவர்கள் உள்ளூர்ப் பெயர்களையும் உள்ளூர்க் குரல்களையும் அத்தனை கவனமாகச் சேர்த்திருந்தார்கள். எட்டு வருடம் முன்புதான் பக்கத்து நாடான பெருவோடு யுத்தம் நடந்து முடிந்திருந்தது. வந்திருப்பது செவ்வாய்க்காரனா, பெருக்காரனா என்று யோசிக்க யாருக்கும் நேரமில்லை. ஜனங்கள் போட்ட துணியோடு தெருவுக்கு வந்துவிட்டார்கள்.

நிலையத்தார் பயந்துபோய், 'இது வெறும் நாடகம், வீட்டுக்குப் போங்கள்' என்று அறிவித்தார்கள். அந்த நிமிடம் பயம் கோபமாக மாறியது. 'எங்களை முட்டாளாக்கினாயா?' என்று கூட்டம் நிலையத்தை நோக்கித் திரும்பியது. நிலையம் இருந்தது 'எல் கொமெர்ஸியோ' செய்தித்தாளின் கட்டடத்தில். முதலில் கல், அப்புறம் தீ. உள்ளே இருந்தவர்கள் மாடிக்கு ஓடினார்கள், ஜன்னல் வழியாகக் குதித்தார்கள். 'போலீஸ் எங்கே, ராணுவம் எங்கே?' என்று நீங்கள் கேட்கலாம். அவர்களில் பலர் கோட்டகொயாவுக்குப் போயிருந்தார்கள்... செவ்வாய்க்கிரகவாசிகளோடு சண்டை போட! அவர்கள் திரும்பி வருவதற்குள் கட்டடம் சாம்பல். குறைந்தது ஆறு பேர் பலி. இன்னும் அதிகம் என்று சொல்பவர்களும் உண்டு.

பயம்தான் கொல்லும் என்றில்லை. பக்தியும் கொல்லும். 1997 மார்ச்சில், கலிஃபோர்னியாவின் சான் டியேகோ அருகே ஒரு பங்களாவில் 'ஹெவன்ஸ் கேட்' என்ற குழுவைச் சேர்ந்த 39 பேர் ஒன்றாக இறந்து கிடந்தார்கள், தலைவர் மார்ஷல் ஆப்பிள்வைட் உட்பட. அப்போது வானில் தெரிந்த ஹேல்-பாப் வால்நட்சத்திரத்துக்குப் பின்னால் ஒரு விண்கலம் வருகிறது, உடம்பை விட்டால் அதில் ஏறிக்கொள்ளலாம் என்று நம்பியவர்கள். இதைப் பற்றி மேலே எழுதப் பிடிக்கவில்லை.

இதெல்லாம் ஏதோ பாமர ஜனங்களின் பதற்றம் என்று நினைத்துவிடாதீர்கள். உலகத்தின் மிக உயர்ந்த கம்ப்யூட்டர்களும் இதே தப்பைச் செய்தன. 1960 அக்டோபர் 5. கிரீன்லாந்தில் தூலே என்ற இடத்தில் அமெரிக்கா புத்தம்புதிதாக நிறுவியிருந்த ராட்சத ரேடார், 'சோவியத் ஏவுகணைகள் கூட்டமாகக் கிளம்பிவிட்டன' என்று அலறியது. அமெரிக்கத் தளபதிகளின் நல்ல காலம், அன்றைக்கு சோவியத் தலைவர் குருஷேவ் ஐ.நா. கூட்டத்துக்காக நியூயார்க்கிலேயே உட்கார்ந்திருந்தார். 'தலைவரை இங்கே வைத்துக்கொண்டு எவனாவது குண்டு போடுவானா?' என்று சந்தேகம் வந்து நிதானித்தார்கள். ரேடார் பார்த்தது என்ன? நார்வேக்கு மேலே உதயமாகிக்கொண்டிருந்த முழு நிலா!

நிலாவைப் பார்த்து உலகம் அழிந்திருக்கலாம் என்பது எவ்வளவு அபத்தம்! அதனால்தான் 1971-ல் அமெரிக்காவும் சோவியத் யூனியனும் அணு ஆயுதப் போர் அபாயத்தைக் குறைக்கக் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் ஒரு விதியைச் சேர்த்தார்கள். எச்சரிக்கைக் கருவிகளில் 'அடையாளம் தெரியாத பொருள்' தென்பட்டு, அது போருக்கு வழிவகுக்கும் என்று தோன்றினால் உடனே ஒருவருக்கொருவர் சொல்லிவிட வேண்டும். வேற்றுக்கிரகத்தை மனதில் வைத்து எழுதியதல்ல. ஆனாலும் அடையாளம் தெரியாத பொருட்களைப் பற்றி மனிதகுலம் செய்துகொண்ட உருப்படியான காரியங்களில் அது ஒன்று என்பேன்.

சி.ஐ.ஏ-வும் இந்த விஷயத்தில் மண்டையை உடைத்துக்கொண்டது. 1952 ஜூலையில் தலைநகர் வாஷிங்டனின் ரேடார்களிலேயே மர்மப் புள்ளிகள் தெரிந்து, ஜெட் விமானங்கள் ஓடிய பிறகு, 1953 ஜனவரியில் ராபர்ட்சன் என்ற இயற்பியலாளரின் தலைமையில் விஞ்ஞானிகளைக் கூட்டி ரகசியமாக விசாரித்தது. குழுவின் முடிவு: தட்டுகளால் நேரடி ஆபத்து எதுவும் இல்லை. ஆபத்து புகார்களால்தான்! ஆயிரக்கணக்கில் வந்து குவியும் தட்டுப் புகார்களுக்கு நடுவே நிஜமான எதிரி விமானம் வந்தால் யாருக்குத் தெரியும்?

நியாயமான கவலை. அடுத்து சி.ஐ.ஏ. செய்த காரியம்தான் வேடிக்கை. 1955 முதல் யு-2 என்கிற உளவு விமானத்தை 60,000 அடி உயரத்தில் பறக்கவிட்டது. பெரும்பாலான பயணிகள் விமானங்கள் அதில் பாதி உயரத்தைக்கூட எட்டாத காலம். சாயங்கால வெயில் அதன் இறக்கையில் பட்டு மின்ன, கீழே ஒரே தட்டுப் புகார்! உண்மையைச் சொன்னால் ரகசியம் போய்விடுமே... 'பனித்துகள், வெப்பநிலை மாறுபாடு' என்று ஏதோ சொல்லிச் சமாளித்தார்கள். அந்தக் காலப் புகார்களில் பாதிக்கும் மேல் தங்கள் விமானங்கள்தான் என்று சி.ஐ.ஏ-வின் வரலாற்றுக் கட்டுரையே 1997-ல் சொன்னது. அந்தக் கணக்கு ரொம்ப அதிகம் என்று மறுப்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் மறைத்தார்கள் என்பதில் சந்தேகமில்லை.

'எல்லாம் சரி, நிஜமாகவே ஒரு நாள் அவர்கள் வந்துவிட்டால்?'

இந்தக் கேள்வியைப் பெரிய பெரிய மூளைகள் கேட்டிருக்கின்றன. 1974 நவம்பர் 16-ம் தேதி, போர்ட்டோ ரிகோவின் அரிசிபோ ரேடியோ தொலைநோக்கியிலிருந்து எம்-13 என்ற நட்சத்திரக் கூட்டத்துக்கு மனிதனைப் பற்றிய ஒரு செய்தியை விஞ்ஞானிகள் அனுப்பினார்கள். 1,679 புள்ளிகள், மூன்று நிமிடத்துக்கும் குறைவு. 'நாங்கள் இங்கே இருக்கிறோம்' என்கிற விசிட்டிங் கார்டு! அதே வருடம் நோபல் பரிசு வாங்கிய பிரிட்டிஷ் வானியலாளர் மார்ட்டின் ரைல் பதறிப்போய்விட்டார். 'யார், எப்படிப்பட்டவர்கள் என்று தெரியாமல் விலாசத்தைக் கொடுப்பதா?' என்பது அவர் கவலை. 2010-ல் ஸ்டீஃபன் ஹாக்கிங்கும் அதையேதான் சொன்னார். கொலம்பஸ் வந்து இறங்கியபோது அமெரிக்கப் பூர்வகுடிகளுக்கு என்ன ஆயிற்று என்று யோசித்துப் பாருங்கள் என்றார். (ரைல் அவ்வளவு பதறியிருக்க வேண்டாமோ என்று எனக்குத் தோன்றுகிறது. அந்தச் செய்தி போய்ச் சேரவே 25,000 வருடம் ஆகும். பதில் வர இன்னொரு 25,000. அனுப்பிய தொலைநோக்கியே 2020 டிசம்பரில் இடிந்து விழுந்துவிட்டது!)

கொலம்பஸ் உதாரணத்தில் ஒரு விஷயம் முக்கியம். அவருக்குப் பின்னால் வந்தவர்களின் துப்பாக்கியைவிட அவர்கள் கொண்டுவந்த அம்மை அதிகம் பேரைக் கொன்றது. 1520-ல் ஆஸ்டெக் மன்னர் க்விட்லாவாக்கே அதற்குப் பலி. ஆகவே வேற்றுலகிலிருந்து கிருமி வந்தால் என்ன செய்வது என்று அமெரிக்கா நிஜமாகவே ஒரு முறை ஒத்திகை பார்த்தது. நிலாவுக்குப் போய்விட்டு 1969 ஜூலை 24-ம் தேதி பசிபிக் கடலில் வந்து விழுந்த ஆம்ஸ்ட்ராங், ஆல்ட்ரின், காலின்ஸ் மூவரையும் முகமூடி உடைகளுக்குள் திணித்து, காற்றுப்புகாத ஒரு டிரெய்லரில் அடைத்தார்கள். ஜனாதிபதி நிக்ஸன் கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே குனிந்து நின்றுதான் ஜோக் அடிக்க வேண்டியிருந்தது! ஆகஸ்ட் 10 வரை தனிமைச் சிறை. பிரமாதமான ஏற்பாடுதான். ஆனால் அந்த முகமூடி உடைகளை உள்ளே கொடுப்பதற்காக நடுக்கடலில் விண்கலத்தின் கதவைத் திறந்தார்களே... உள்ளே இருந்த காற்றும் நிலாத் தூசியும் அந்த நொடியே பசிபிக்கில் கலந்துவிட்டன. கிருமி இருந்திருந்தால் கதை அங்கேயே முடிந்தது. அடைத்துவைத்த இடத்தில் தரை விரிசல் வழியாக எறும்புகள் போய்வந்ததைப் பார்த்ததாகப் பின்னாளில் ஆல்ட்ரின் சிரித்துக்கொண்டே சொன்னார். நல்லவேளை, நிலாவில் ஒன்றும் இல்லை.

இத்தனை அனுபவத்துக்குப் பிறகு இன்று நிலைமை எப்படி? 2021 ஜூனில் அமெரிக்க உளவுத்துறை, ராணுவத்தினர் பார்த்த 144 மர்மப் பொருட்களைப் பற்றி அறிக்கை வெளியிட்டது. அவற்றில் ஒன்றே ஒன்றைத்தான் உறுதியாக அடையாளம் காண முடிந்தது. அது, காற்று இறங்கிக்கொண்டிருந்த ஒரு பெரிய பலூன்! 11 சம்பவங்களில் விமானிகள் கிட்டத்தட்ட மோதியிருப்போம் என்று சொல்லியிருந்தார்கள். 2024 மார்ச்சில் பென்டகன், வேற்றுக்கிரகத்துக்கான ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை என்று இன்னொரு அறிக்கை தந்தது.

இரண்டு அறிக்கைகளுக்கும் நடுவில், 2023 பிப்ரவரியில் ஒரு கூத்து. அமெரிக்காவின் குறுக்கே மிதந்து வந்த சீன உளவு பலூன் ஒன்றை 4-ம் தேதி சுட்டு வீழ்த்தினார்கள். அதில் எல்லோருக்கும் நரம்பு முறுக்கேறிப்போக, ரேடாரைக் கூர்மையாக்கினார்கள். உடனே என்னென்னவோ தெரிய ஆரம்பித்தது! 10-ம் தேதி அலாஸ்காவில் ஒன்று, 11-ம் தேதி கனடாவின் யூகானில் ஒன்று, 12-ம் தேதி ஹூரான் ஏரிக்கு மேல் ஒன்று என்று வரிசையாக ஏவுகணை வீசினார்கள். விலை, ஒவ்வொன்றும் 4 லட்சம் டாலருக்கு மேல். ஏரி விவகாரத்தில் முதல் ஏவுகணை குறி தவறித் தண்ணீரில் போய் விழுந்தது. 'வேற்றுக்கிரகவாசிகளாக இருக்குமா?' என்று நிருபர்கள் கேட்க, வட அமெரிக்க வான்பாதுகாப்புத் தளபதி, இப்போதைக்கு எதையும் இல்லை என்று தள்ளிவிடவில்லை என்று பதில் சொன்னார். மறுநாள் வெள்ளை மாளிகை அவசர அவசரமாக, 'அதெல்லாம் இல்லை' என்று மறுத்தது.

அதே வாரம் இல்லினாய் மாநிலத்தில் பொழுதுபோக்காக பலூன் விடும் ஒரு சிறு குழு, தங்கள் பலூன் ஒன்றைக் காணவில்லை என்று குறித்துவைத்தது. உலகத்தையே சுற்றிவந்துகொண்டிருந்த சின்ன பலூன் அது. கடைசியாக 10-ம் தேதி அலாஸ்கா பக்கம் சிக்னல் தந்தது. காற்றடித்த கணக்கைப் பார்த்தால் மறுநாள் யூகானுக்கு மேலே இருந்திருக்க வேண்டும். யூகானில் அன்றைக்கு ஏவுகணை வீசியது எஃப்-22 ரகப் போர் விமானம். விமானியிடம் ஆக்ஸிஜன் இருந்தது. பத்திரமாகத் திரும்பி வந்து இறங்கினார்.